கை படாத நூலகம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த பெரிய காரியம், தென்னார்க்காடு கடலோரக் கல்லூரி நூலகர் பெருமன்றத்தைத் தோற்றுவித்ததுதான். சக்கரம்கூட இதற்கு அப்புறம்தான் வருகிறது. சக்கரம் இல்லாவிட்டால் மனிதன் நடந்து போயிருப்பான். பெருமன்றம் இல்லாவிட்டால் எங்கே போயிருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது என் கருத்தில்லை. பெருமன்றத்தின் தலைவரும் எங்கள் கல்லூரி நூலகருமான சிவப்பிரகாசம் அவர்கள், பெருமன்ற வரலாற்று மலரின் முதல் பக்கத்தில் எழுதியது. நான் தமிழ் பி.ஏ. மூன்றாம் ஆண்டு என்பதால் பிழை திருத்த என்னிடம் கொடுத்தார். இரண்டு ஒற்று சேர்த்தேன். மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது.

எங்கள் கல்லூரி மரக்காணத்துக்கு வெளியே, உப்பளங்களைப் பார்த்த மாதிரி இருக்கிறது. நூலகம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். மூடினால் கீல் துருப்பிடித்து மறுபடி திறக்காது. எங்கள் நூலகத்துப் புத்தகம் எதை நக்கிப் பார்த்தாலும் கரிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. நக்கிப் பார்த்தவர் யாரும் இல்லை. புத்தகம் கைக்கு வந்தால்தானே நக்குவது?

பெருமன்றம் பிறந்த கதை இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் கல்லூரி ஆண்டு விழாவில் முதல்வர் நன்றி சொன்னார். "பந்தல் போட்டவங்க, மைக் செட்காரரு, தண்ணி ஊத்தின பொம்பளைங்க, அப்புறம் நம்ம புஸ்தகம் எடுத்துக் குடுக்கிறவரு, எல்லாருக்கும் நன்றி." கூட்டம் பலமாகக் கை தட்டியது. சிவப்பிரகாசம் எழுந்து கும்பிட்டார். மைக் செட்காரருக்குத்தான் தட்டினார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

எம்.ஏ., அதற்கு மேல் பி.லிப்.எஸ்சி. படித்த மனிதர். புஸ்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்! அடுத்த வாரமே பக்கத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் கார்டு போட்டார். அவரையும் சேர்த்து ஏழு நூலகர்கள் ஆனார்கள். அவர்களில் இரண்டு பேர் புதுச்சேரி. அது பழைய பிரெஞ்சுக்காரன் இடம் என்பதால் மலர் இதைச் 'சர்வதேசத் தொடர்பு' என்று குறிப்பிடுகிறது. செயற்குழு எப்போதும் கீழ்புத்துப்பட்டைத் தாண்டிப் புதுச்சேரியில்தான் கூடும். நம் பக்கம் மதுவிலக்கு அமலில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மலரில் தனியாக ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது.

முதல் பொதுக்குழு மட்டும் எங்கள் நூலகத்தில் நடந்தது. அதில் சிவப்பிரகாசம் பேசிய பேச்சுதான் பெருமன்றத்தின் ஆணிவேர்.

"டாக்டர் இருக்காரு. மாத்திரையை அவரா எடுத்துக் குடுக்கறாரு? சீட்டு எழுதறாரு, கம்பவுண்டர் குடுக்கறாரு. ஜட்ஜ் இருக்காரு. தூக்குல போடுன்னு சொல்றாரு. கயித்தை அவரா இழுக்கறாரு? நாம மட்டும் ஏன்யா அலமாரியில கைய வெக்கணும்? என்னிக்கி ஒரு நூலகன் புஸ்தகத்தை எடுத்துக் குடுத்தானோ, அன்னிக்கே அவன் எடுபிடி ஆயிட்டான். எடுக்கறான், புடிக்கிறான். பேர்லயே இருக்குதே!"

சபை உறைந்துவிட்டது. எடுபிடி என்ற சொல்லின் பிறப்பை அதுவரை யாரும் இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை. செயலாளர் சேட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டே தீர்மானத்தை எழுதினார். அவர் திண்டிவனம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூலகர். எதை எழுதினாலும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். 'உறுப்பினர் எவரும் அலுவல் நேரத்தில் புத்தகத்தைக் கையால் தொடலாகாது.' தொடாமல் எப்படிப் பட்டியல் தயாரிப்பது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். "அறிவால்" என்றார் தலைவர். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

பெருமன்றம் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்துக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர் எங்கள் நூலக அட்டெண்டர் பச்சமுத்து. அவரும் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் தலைவர் முதல் சீட்டை எழுதி, "பச்சமுத்து, இந்த புஸ்தகத்தை எடு" என்றார். பச்சமுத்து சீட்டைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

"எடுத்தா எடுபிடின்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"நான் எடுத்தாய்யா!"

"உங்களுக்கு இருக்கிற கை மாதிரிதான் சார் எனக்கும் இருக்குது. என் ஆர்டர்ல என்ன எழுதிருக்குது? தொறக்கறது, தூசி தட்டறது, பூட்டறது. தட்டச் சொல்லுங்க, தட்டறேன். எடுக்கச் சொன்னா எங்க சங்கத்தைக் கேக்கணும்."

அவருக்கும் சங்கம் இருந்தது. கடைநிலை ஊழியர் சங்கம். அதில் ஏழு பேர் இல்லை, ஏழாயிரம் பேர்.

அன்றிலிருந்து எங்கள் நூலகம் தமிழ்நாட்டிலேயே ஒழுங்கான நூலகம் ஆனது. ஒரு புத்தகம் காணாமல் போகவில்லை. ஒரு பக்கம் கிழியவில்லை. தினமும் காலை பத்து மணிக்குத் திறந்து, தூசி தட்டி, ஐந்து மணிக்குப் பூட்டினார்கள். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், "எல்லாம் புதுசு மாதிரியே இருக்குதே!" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இந்த ஒழுங்கைக் கெடுக்க வந்தவன் கலியன்.

கலியன் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அவனும் மூன்றாம் ஆண்டுதான். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூடை சுமக்கிறவர்கள். இனார்கானிக் பேப்பர் அவனுக்கு இரண்டு தடவை போயிருந்தது. இந்த ஏப்ரலில் அதை எழுதித் தேறிவிட்டால் ஒரு உப்பு கம்பெனி லேபில் அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். தேறினால் உப்பைக் கண்ணாடிக் குழாயில் போட்டுக் குலுக்குவான். தேறாவிட்டால் கூடையில் போட்டுத் தூக்குவான். உப்பு ஒன்றுதான், பாத்திரம்தான் வேறு என்று அவனுக்கு நான் ஆறுதல் சொன்னேன். அவன் என்னை அடிக்க வந்தான்.

அவனுக்கு வேண்டிய புத்தகம் நூலகத்தில் ஒரே பிரதி. தடித்த சிவப்பு பைண்டு, மூன்றாவது ரேக்கின் மேல் தட்டு. வாசலில் இருக்கும் கம்பிவலைக் கவுண்டரில் நின்றாலே தெரியும். கலியன் வந்து நின்றான்.

"சார், அந்த இனார்கானிக் புஸ்தகம் வேணும் சார். செகப்பு பைண்டு."

"இங்கேருந்து கண்ணுக்குத் தெரியுதா?" என்றார் சிவப்பிரகாசம்.

"தெரியுது சார்."

"அப்ப நூலகத்தோட வேலை முடிஞ்சிடுச்சு. நூல் எங்க இருக்குதுன்னு காட்டறதுதான் நூலகம். எடுக்கறது வேற துறை."

"எந்தத் துறை சார்?"

"அதைத்தான் அரசாங்கத்தைக் கேட்டிருக்கோம்."

கலியன் யோசித்தான். "நானே ஏறி எடுத்துக்கட்டுமா சார்?"

தலைவருக்குக் கோபம் வரவில்லை. பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "நீ எடுத்தா திருட்டு. பச்சமுத்து எடுத்தா அவங்க சங்கத்துக்கு விரோதம். நான் எடுத்தா எடுபிடி. யாருமே எடுக்காம இருக்குது பாரு, அதுதான் ஒழுங்கு. எங்க ஊர்வலம் ஒண்ணு இருக்குது. முடியட்டும், வா."

கலியன் பச்சமுத்துவைப் பிடித்தான். "அண்ணே, எடுக்க வேணாம். அந்த செகப்பு புஸ்தகத்தைக் கொஞ்சம் வேகமாத் தட்டுங்களேன். தானா வுழட்டும். வுழுந்ததை நான் பொறுக்கிக்கறேன்."

பச்சமுத்து நல்ல மனிதர். வேகமாகத்தான் தட்டினார். ஆனால் உப்புக் காற்றில் ஊறி உப்பி, புத்தகம் இரண்டு பக்கத்துப் புத்தகங்களோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. ரேக் ஆடியது, புத்தகம் ஆடவில்லை.

ஊர்வலம் மார்ச் மாதம் நடந்தது. கோரிக்கை, நூலகரை ஆசிரியராக அறிவிக்க வேண்டும் என்பது. கல்லூரியிலிருந்து மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரை. நூலகர் என்பவர் அமைதியின் காவலர். ஆகவே கோஷம் நூலகத்துக்கு உரிய குரலில்தான் எழுப்பப்பட வேண்டும் என்று பெருமன்றம் முடிவு செய்திருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேட்ஜ். முன்னால் இரண்டு பேர் நிறுவனத் தலைவர் சிவப்பிரகாசத்தின் பெரிய போட்டோவை மாலை போட்டுத் தூக்கி வந்தார்கள். நிறுவனத் தலைவர் அதற்குப் பின்னால் தலை குனிந்து நடந்து வந்தார். "போராடுவோம்" என்று சேட்டு முணுமுணுத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போராடுவோம்" என்று ஐந்து பேர் முணுமுணுத்தார்கள்.

ரோட்டோரம் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் லாரி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். எக்கியார்குப்பத்திலிருந்து மீன் விற்க வந்த சின்னப்பாப்பா கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"யாருப்பா அது?"

"நூலகர்" என்றேன். பொய் சொல்லவில்லை.

"ஐயோ, சின்ன வயசாட்டம் இருக்குதே. என்னாத்துல போனாரு?"

"சங்கத்துல."

"எத்தினி புள்ளைங்க?"

"ஆயிரத்து சொச்சம்" என்றேன். கல்லூரியில் அவ்வளவு பேர்தான் படித்தோம்.

சின்னப்பாப்பா வாயில் அடித்துக்கொண்டாள். போட்டோவையும் அதற்குப் பின்னால் வந்த சிவப்பிரகாசத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "கூடப் பொறந்தவரு போல. ஜாடை அப்பிடியே இருக்குது." நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசைத் தேத்திக்கங்க சாமி. நடந்தது நடந்துபோச்சு. இருக்கிற புள்ளைங்களைப் பாருங்க."

பொதுமக்கள் ஆதரவு இவ்வளவு இருக்கும் என்று தலைவரே எதிர்பார்க்கவில்லை. குரல் தழுதழுக்க, "நன்றி தாயே" என்றார். மலரின் இருபதாம் பக்கத்தில் 'உப்பளத் தொழிலாளப் பெருமக்கள் தலைத்துண்டை அவிழ்த்து ஆதரவு நல்கினர்' என்று இருக்கிறது. எத்தனை பேர் தோள் கொடுக்க முன்வந்தார்கள் என்பதும் இருக்கிறது.

கலியன் கூட்டத்தோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தான். அங்கே தலைவர் சோடா குடிக்கும்போது கிட்டே போனான். "சார், ஊர்வலம் முடிஞ்சிடுச்சு."

"மாநாடு முடியட்டும், வா."

மாநாடு ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை. பரீட்சை அதற்கடுத்த திங்கட்கிழமை. மாநாடு நடக்கும் இடம் எங்கள் நூலகம். கருப்பொருள், 'வாசகனைத் தேடி நூல்'. கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்: 'நூலக மாநாட்டை முன்னிட்டு நூலகத்துக்கு விடுமுறை.' தொண்டர்கள் தேவை என்றார்கள். கலியன் முதல் ஆளாகப் பேர் கொடுத்தான். தொண்டன் என்றால் கம்பிவலையைத் தாண்டி உள்ளே விடுவார்களே! அவன் பேர் கொடுத்ததால் நானும் கொடுத்தேன். அங்கே எனக்குக் கிடைத்த வேலை பெஞ்சு தூக்குவது. அவனுக்கு சோடா தூக்குவது. மூன்றாவது ரேக்குக்கும் அவனுக்கும் ஒரு கை தூரம். கருப்பொருள் எழுதிய பேனரின் ஒரு முனையை அந்த ரேக்கில்தான் கட்டியிருந்தார்கள். அடிக்கிற காற்றில் பேனர் தூக்கும்போதெல்லாம் சிவப்பு பைண்டு தெரியும்.

தலைமை விருந்தினர், கல்லூரிக் கல்வித் துறையில் ஏதோ ஒரு துணைப் பதவியில் இருந்த தட்சணாமூர்த்தி. அவருக்கு மாலை போட்டார்கள். சிவப்பிரகாசத்துக்குப் பொன்னாடை போட்டார்கள். 'மூன்றாண்டுகளாக ஒரு நூலையும் தீண்டாத செம்மல்' என்று வாழ்த்துப்பா வாசித்தார் சேட்டு. பிறகு தட்சணாமூர்த்தி பேசினார்.

"எனக்கு புஸ்தகம்னா உயிர். நான் கடைசியா ஒண்ணு படிச்சது காலேஜ்ல, பரிட்சைக்கு. அப்புறம் பைல்தான். இருந்தாலும் ஆசை போகல பாருங்க. வீட்ல கண்ணாடி பீரோ முழுக்க வாங்கி அடுக்கி வெச்சிருக்கேன். பூட்டித்தான் வெச்சிருக்கேன். என் பொண்ணு ஒரு நாள் கேட்டுது, அப்பா ஒண்ணு எடுத்துப் படிக்கட்டுமான்னு. விடுவனா? புஸ்தகம் படிச்சா பழசாயிடும்மான்னேன். ஆகவே உங்க கொள்கை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. உங்க கோரிக்கையை அரசாங்கம் பரிசீலிக்கும். ஏற்கனவே பரிசீலிச்சிட்டுத்தான் இருக்குது. போன வருசமும் பரிசீலிச்சுது."

ஏழு பேர் கை தட்டிய சத்தம் நூலகத்துக்கு உரிய அளவில் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவல். சாப்பிட்டுவிட்டு தட்சணாமூர்த்தி ஒரு பெஞ்சில் சாய்ந்தார். "எனக்கொரு பழக்கம். கையில ஒரு புஸ்தகம் இருந்தாத்தான் தூக்கம் வரும். எதுனா ஒண்ணு குடுங்க."

யாரும் அசையவில்லை.

"என்னய்யா பாக்கறீங்க? லைப்ரரிதான இது?"

எட்டாயிரம் புத்தகங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஏழு நூலகர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு நிமிஷம் சார்" என்றார் தலைவர். அவசரச் செயற்குழு வராண்டாவில் கூடியது. நான் பெஞ்சு தூக்கும் சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

"பச்சமுத்து எங்க?" என்றார் தலைவர்.

"சனிக்கிழமை அரை நாளுங்க. போயிட்டாரு."

"தீர்மானத்துல 'அலுவல் நேரத்தில்'னுதான இருக்குது? இப்ப சாப்பாட்டு நேரம். யாராவது எடுத்தா தப்பில்ல" என்றார் புதுச்சேரிக்காரர் ஒருவர்.

"மாநாட்டுக்கு வர நாம பயணப்படி வாங்கல? படி வாங்கினா அலுவல்தான்" என்றார் சேட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தத் தொண்டனை எடுக்கச் சொல்லலாமே?" புதுச்சேரிக்காரர் கலியனைக் காட்டினார். கலியன் சோடாப் பெட்டியை அங்கேயே இறக்கிவைத்துவிட்டான்.

"மாணவன் தொட்டா திருட்டு" என்றார் தலைவர். "அதிகாரி கையில திருட்டுப் பொருளைக் குடுக்கறதா?"

கலியன் பெட்டியை மறுபடி தூக்கினான். கடைசியில், விருந்தினருக்கு உகந்த நூல் எது என்று பரிந்துரைக்க மூவர் குழு அமைத்தார்கள். குழு திரும்பி வந்தபோது தட்சணாமூர்த்தி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெருமன்றத்தின் பணிக்கு ஒத்துழைத்ததற்காக அவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள்.

சாயங்காலம் எல்லாரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். தலைவர் மட்டும் பொன்னாடையைக் கழற்றாமல் தன் மேஜையில் உட்கார்ந்து தீர்மானங்களைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் இன்னும் இரண்டு தொண்டர்களும் பெஞ்சுகளை வாசலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தோம். கலியன் அவர் முன்னால் போய் நின்றான்.

"சார், மாநாடு முடிஞ்சிடுச்சு."

"ஆமா. நல்லா நடந்துது."

"நாளன்னிக்கி பரிட்சை சார்."

"மனுவா எழுதிக் குடு. அடுத்த செயற்குழுவுல வெக்கிறேன்."

கலியன் ஒரு பெஞ்சை இழுத்து மூன்றாவது ரேக்கின் முன்னால் போட்டு ஏறினான்.

"திருட்டுன்னே எழுதிக்கங்க சார்."

"டேய், எறங்கு" என்றார் தலைவர், நூலகத்துக்கு உரிய குரலில். எழுந்திருக்கவில்லை. போய்த் தடுத்தால் புத்தகத்தில் கை பட்டாலும் பட்டுவிடும்.

கலியன் சிவப்பு பைண்டின் முதுகைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. பக்கத்தில் இறுக்கிக்கொண்டிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். வைக்க இடம் இல்லை. கீழே அடுத்த ரேக்கில் சந்து தெரிந்தது. உலோகப் பூச்சு பற்றிய புத்தகத்தைச் சைவ சித்தாந்தத்துக்கு நடுவில் செருகினான். இன்னொன்றைத் தலைகீழாகத் தேவாரத்துக்கு மேல் படுக்கவைத்தான்.

"டேய்! அங்க வெக்காத!"

நூலகம் திறந்த பன்னிரண்டு வருஷத்தில் அங்கே யாரும் அப்படிக் கத்தியதில்லை. நாங்கள் பெஞ்சைக் கீழே போட்டுவிட்டோம். தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்.

"அங்க வெச்சா அது செத்துதுடா! இன்னும் பத்து வருசம் தேடினாலும் யாருக்கும் கெடைக்காது!" சித்தாந்தத்திலிருந்து உலோகப் பூச்சைப் பிடுங்கினார். தேவாரத்தின் மேலிருந்ததை நிமிர்த்தினார். இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, "எறங்கு, எறங்கு நீ" என்று கலியனைத் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிப் பெஞ்சில் ஏறினார். அவற்றை அதனதன் இடத்தில் வைத்தார்.

"முதுகைப் புடிச்சி இழுக்கறான் பாரு, மாடு புடிக்கிற மாதிரி. பைண்டு என்னத்துக்கு ஆவும்? ரெண்டு பக்கத்துலயும் இருக்கறத உள்ள தள்ளணும். தள்ளிட்டு, நடுவுல இப்பிடிப் புடிச்சி, அவசரப்படாம..."

சிவப்பு பைண்டு சத்தமில்லாமல் வந்தது. பொன்னாடையின் முனையால் உப்புப் பூத்திருந்த அட்டையைத் துடைத்தார். ஈரம் காயப் பக்கங்களை விசிறிவிட்டார். ஓரிடத்தில் நிறுத்தி விரலால் தடவினார்.

"இந்த சேப்டர் தையல் விட்டுப்போச்சு, தனியா வரும். மெதுவாப் பொரட்டு. கடைசி அட்டையில பழைய கேள்வித்தாள் ஒட்டி வெச்சிருக்கேன். அதையும் பாரு."

கீழே இறங்கி, மேஜைக்குப் போய், டிராயரிலிருந்து தேதி முத்திரையை எடுத்தார். மை காய்ந்திருந்தது. வாயால் ஊதிப் பார்த்து, இரண்டு தரம் அழுத்திக் குத்தினார். கலியன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். நன்றி என்று சொல்ல வந்தவனை, போ என்று தலையை மட்டும் ஆட்டி அனுப்பினார்.

பெஞ்சு தூக்கின நாங்கள் மூன்று பேரும் அப்படியே கவுண்டருக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தோம். எப்போது நின்றோம் என்று தெரியவில்லை.

சிவப்பிரகாசம் எட்டி மாடிப்படியைப் பார்த்தார். யாரும் வரவில்லை. பொன்னாடையை உருவி மடித்து டிராயருக்குள் வைத்தார்.

"அடுத்தது யாருப்பா?" என்றார்.